சேப்பாக்கத்துக் கவியவையும் கோவளத்துக் கோட்டையும்

சென்னையிலிருந்து தெற்கே கடலோரமாக மாமல்லபுரம் செல்வோர் வழியில் கோவளத்தைக் கடக்கின்றனர். அங்கே அடங்கியிருப்பவர் நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் என்பது தலைமுறை தலைமுறையாக மக்கள் உள்ளத்தில் ஊன்றிய நம்பிக்கை. அத்தர்காவை நாடி வருவோர் பலர். ஆயின், அதே கடற்கரையில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு கோட்டை நின்றதையும், அதற்குச் 'சஆதத் பந்தர்' என்ற பெயர் வழங்கியதையும் அறிந்தோர் மிகச் சிலரே. 'நற்பேற்றுத் துறைமுகம்' என்பது அப்பெயரின் பொருள். 1750 இல் அது பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1752 இல் கிளைவ் அதை முற்றுகையிட்டுக் கைப்பற்றியபின் அதன் அரண்கள் தகர்க்கப்பட்டன. செங்கல்பட்டுக் கோட்டையும் அதே ஆண்டில் அவர் கைக்குப் போயிற்று. கற்கள் சிதறியபின் பெயரும் சிதறியது. கோவளம் கோவளமாகவே நிலைத்தது. சஆதத் பந்தர் ஏட்டில் மட்டும் தங்கியது.

ஒரு துறைமுகப் பெயருக்கு நேர்ந்த இந்த முடிவு, ஒரு முழு இலக்கிய மரபுக்கும் இதே மண்ணில் நேர்ந்தது. கர்நாடக நவாபுகளின் ஆதரவில் ஆர்க்காட்டிலும் வேலூரிலும் சென்னையிலும் தழைத்த பாரசீக இலக்கியத்தையே குறிப்பிடுகிறேன். அம்மரபின் கடைசிச் சுடராக எரிந்தது, 1846 இல் (ஹிஜ்ரி 1262) சென்னையில் நிறுவப்பட்ட 'முஷாயிரா-ஏ-ஆஸம்' என்னும் கவியவை. ஓர் ஊரின் கவிஞர்கள் ஓரிடத்தில் கூடி, எழுதியதைப் படித்து, குறை சொல்லி, குறை கேட்டு, திருத்தி, தொகுத்து வைத்த அமைப்பு அது. இன்று நம் சிற்றூர்களிலும் ஜமாஅத்துகளிலும் இயங்கும் இலக்கிய வட்டங்கள் அதனிடமிருந்து கற்க வேண்டியவை சில உண்டு. அஞ்ச வேண்டியதும் ஒன்று உண்டு.

நிலம் போயிற்று, கவிதை நின்றது

அவையைப் புரிந்துகொள்ள அது எழுந்த காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1763 இல் நவாப் முகம்மது அலி வாலாஜா, சென்னையைச் சூழ்ந்த நிலப்பரப்பைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு ஜாகீராக அளித்தார். பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டம் என அறியப்பட்ட பகுதி அதுவே. கும்பெனியார் அதை நெடுங்காலம் 'ஜாகீர்' என்றே அழைத்தனர். அளித்தபின் 1780 வரை நவாபே அந்நிலத்தைக் கும்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து வரிதண்டினார் என்பது வரலாற்றின் கசப்பான செய்தி. உடையவரே குத்தகைக்காரர் ஆனார். 1801 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கர்நாடகம் முழுவதன் நிருவாகமும் கும்பெனியைச் சேர்ந்தது. நவாபுக்கு எஞ்சியவை பட்டமும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், சேப்பாக்கத்து மாளிகையும் மட்டுமே.

படையும் நிலமும் இல்லாத அரசவை எதைக் கொண்டு தன்னை அரசவை என்று காட்டிக்கொள்ளும்? கல்வியைக் கொண்டும் கவிதையைக் கொண்டும் என்பது வாலாஜா குடும்பத்தார் கண்ட விடை. நவாப் ஆஸம் ஜா 1823 இல் சென்னையிலிருந்து நாகூருக்குச் சென்று திரும்பிய பயணத்தை, உடன் சென்ற குலாம் அப்துல் காதிர் நாஸிர் 'பஹாரே ஆஸம் ஜாஹி' என்னும் பாரசீக நூலாக எழுதினார். தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றிய அரிய பயண நூல்களுள் ஒன்று அது. ஆஸம் ஜா 1825 இல் மறைந்தபோது அவருடைய மகன் குலாம் கவுஸ் கான் கைக்குழந்தை. சிறிய தந்தை அஸீம் ஜா காவலராக இருந்து பொறுப்பை நடத்தினார். பதினெட்டு வயது நிரம்பிய குலாம் கவுஸ் கான் 1842 இல் நவாபாக அமர்ந்தார். 'ஆஸம்' என்பது அவர் சூடிய தகல்லுஸ், அதாவது கவிதைப் புனைபெயர்.

அரியணை ஏறிய அதே ஆண்டில் அவர் முடித்த நூல் 'சுப்ஹே வதன்'. கர்நாடகத்தில் வாழ்ந்த பாரசீகக் கவிஞர்களின் வரலாறும் கவிதைத் தேர்வும் அடங்கிய தொகுப்பு அது. 'தாய்நாட்டின் வைகறை' என்பது நூற்பெயரின் பொருள். இப்பெயரைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஷீராசும் இஸ்பகானும் ஈன்ற மொழியில் எழுதியவர்கள், தம் வதன் என்று சுட்டியது பாலாறும் கூவமும் ஓடும் இந்த நாட்டை. மொழி வெளியிலிருந்து வந்தது. பற்று இம்மண்ணில் வேர்விட்டது.

அவையின் இலக்கணம்

முஷாயிரா என்பது வெறும் கவிதை வாசிப்பு அன்று. அதற்கென ஒழுங்குகள் உண்டு. முன்கூட்டியே ஓரடி கொடுக்கப்படும். அவ்வடியின் யாப்பிலும் இயைபிலும் கவிஞர் ஒவ்வொருவரும் கஸல் புனைந்து வர வேண்டும். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் தமிழ்ப் புலவர் வழக்கத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஒரே அச்சில் வார்த்த பாடல்களை அடுத்தடுத்துக் கேட்கும்போது, யாருடைய கற்பனை உயர்ந்தது, யாருடைய சொல் தளர்ந்தது என்பது கேட்போர்க்குத் தானே விளங்கும்.

சேப்பாக்கத்து அவையின் சிறப்பு அதற்கும் மேலானது. அங்கே பாராட்டைவிட 'இஃதிராஸ்' எனப்படும் மறுப்புக்கு இடம் மிகுதி. ஒரு சொல்லை இப்பொருளில் ஆளலாமா, இந்த உருவகம் பாரசீக வழக்குக்கு ஒத்ததா என்று அவையோர் வினவுவர். பாடியவர் விடை கூற வேண்டும். 'எனக்குத் தோன்றியது' என்பது விடையாகாது. முன்னைப் பெருங்கவிஞர் எவரேனும் அவ்வாறு ஆண்டிருப்பதை எடுத்துக்காட்ட வேண்டும். இதற்குச் 'சனத்' என்று பெயர். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரைக் குறிக்கும் சொல்லும் இச்சொல்லும் ஒரே வேரின. தமிழ் உரையாசிரியர்கள் 'சான்றோர் ஆட்சி' என்பதும், அரங்கேற்றத்தில் தடை எழுப்பி விடை கேட்பதும் இதனோடு ஒத்த மரபுகள்.

முகம்மது மஹ்தி வாஸிஃப், சையித் முர்தளா பீனிஷ் முதலானோர் இவ்வட்டத்தின் குறிப்பிடத்தக்க பெயர்கள். பன்னூலாசிரியராகிய வாஸிஃப், மதராஸ் உலமாக்களின் வரலாற்றை 'ஹதீக்கத்துல் மராம்' என்னும் அரபு நூலாகவும் எழுதினார். அவையில் நவாபும் ஒரு கவிஞராகவே கலந்துகொண்டார். அவரவர் சொல்லுக்கு அவரவரே சான்று காட்ட வேண்டிய அவையில், புரவலரின் தலையசைப்பு மட்டும் ஒரு கவிதையை நிலைநிறுத்திவிடாது. இன்றைய இலக்கியக் கூட்டங்களில் மாலையும் பொன்னாடையும் மலிந்து, மறுப்புரை அரிதாகிவிட்ட நிலையை எண்ணுவோர்க்கு இவ்வொழுங்கின் அருமை புலப்படும்.

சமயத்தாலும் இவ்வட்டம் குறுகியதன்று. அதற்கு முந்திய தலைமுறையில் நவாபின் செயலராக விளங்கிய ராஜா மக்கன்லால் கிரத் இந்து சமயத்தவர், பாரசீகக் கவிஞர். 1795 இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ள ஆண்டுக்கவி அவர் இயற்றியது. இறைநினைவே பெரிது என்னும் பொருளுடைய அரபுத் தொடர் ஒன்றின் எழுத்துகளை அப்ஜத் கணக்கில் கூட்டினால் ஹிஜ்ரி 1209 என்ற ஆண்டு கிடைக்கும். அல்லாஹ்வின் இல்லத்துக்கு ஆண்டு குறிக்கும் பேறு ஒரு இந்துக் கவிஞருக்கு வாய்த்ததையும், அதை அன்றைய முஸ்லிம்கள் மனமுவந்து ஏற்றதையும் இக்காலத்தில் எடுத்துச் சொல்லுதல் நம் கடமை.

நினைவேடு என்னும் அறம்

கூடிப் பாடிய அவைகள் எத்தனையோ. அவற்றுள் பெயர் தெரியாமல் மறைந்தவையே பல. சேப்பாக்கத்து அவை மறையாமைக்குக் காரணம் அது விட்டுச்சென்ற 'தத்கிரா'க்கள். தத்கிரா என்பது நினைவுகூர்தல் என்னும் பொருளுடைய சொல். கவிஞரின் பெயர், புனைபெயர், ஊர், ஆசிரியர், வாழ்க்கைக் குறிப்பு, தேர்ந்த சில பாடல்கள் ஆகியவற்றை ஒருங்கே தரும் நூல்வகை அது.

ராயிக் என்ற புனைபெயரினர் தொகுத்த 'குல்தஸ்தயே கர்நாடக்' இத்துறையில் முன்னோடி. அதை அடுத்து நவாபின் 'சுப்ஹே வதன்' வந்தது. அவையில் பங்கேற்ற பீனிஷ், அவ்வவைக் கவிஞர்களை முன்வைத்து 'இஷாராத்தே பீனிஷ்' எழுதினார். பின்னர் நவாப் தம் முதல் நூலினும் விரிவாகக் 'குல்ஸாரே ஆஸம்' என்னும் தொகுப்பை ஆக்கினார். அவையில் நிகழ்ந்த சொற்போர்களும் அதில் இடம்பெற்றன. எனவே, எவர் என்ன பாடினார் என்பதோடு, எந்தச் சொல்லுக்கு எத்தகைய மறுப்பு எழுந்தது என்பதும் நமக்குக் கிடைத்திருக்கின்றது.

தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டிய தொடக்க நூல்களுள் ஒன்றாகிய சைமன் காசிச்செட்டியின் 'தமிழ் புளூட்டார்க்' 1859 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அர்னால்டு சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' 1886 இல் வந்தது. 'சுப்ஹே வதன்' இவற்றுக்கு முந்தியது. ஒரு வட்டாரத்தின் எழுத்தாளர்களை அவர்கள் வாழும் காலத்திலேயே பதிவு செய்தல் வேண்டும் என்ற உணர்வு, அந்தப் பதினெட்டு வயது இளைஞரிடம் அத்துணை முன்னதாகவே இருந்தது வியப்புக்குரியது.

அதே ஆண்டில் மற்றொரு நூல்

இனி அஞ்ச வேண்டிய செய்திக்கு வருவோம். 'சுப்ஹே வதன்' தோன்றிய அதே 1842 ஆம் ஆண்டில் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றில் மற்றொரு பெருநிகழ்ச்சி நடந்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் முதன்முதலாக அச்சேறியது. ஏட்டுச் சுவடிகளிலிருந்து அதைப் பதிப்பித்தவர் காயல்பட்டினத்து செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். 'புலவர் நாயகம்' என்று போற்றப்பட்ட அன்னார், பதிப்பாசிரியர் மட்டுமல்லர். 'திருக்காரணப் புராணம்', 'திருமணிமாலை', 'புதூகுஷ்ஷாம்', 'குத்பு நாயகம்' முதலிய காப்பியங்களை இயற்றிய பெரும்புலவர்.

ஒரே ஆண்டு. ஒரே மார்க்கம். ஒருபுறம் நவாப் தம் நாட்டுப் பாரசீகக் கவிஞர்களைத் தொகுக்கிறார். மறுபுறம் ஓர் ஆலிம் தம் மக்களின் தமிழ்க் காப்பியத்தை அச்சில் ஏற்றுகிறார். நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) அவர்களின் தர்காவை நாடி நவாப் ஆஸம் ஜா சென்ற பயணம் பாரசீக உரைநடையானது; அதே ஆண்டகையின் காரணங்கள் புலவர் நாயகத்தின் திருக்காரணப் புராணத்தில் தமிழ் விருத்தங்களாயின. இரு மரபுகளும் ஒரே வாசலில் தலைதாழ்த்தின. எனினும் பாரசீகக் கவிஞர்களுக்கென எழுந்த தத்கிராக்களின் வரம்புக்குள் தமிழ்ப் புலவர்கள் அடங்கவில்லை. தமிழ்ப் புலவர் மரபும் சேப்பாக்கத்து அவையைத் தன் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

குறை யாருடையது என்று தீர்ப்புக் கூறுதல் எளிது, பயனற்றதும்கூட. மொழி, வாழ்முறை, தொழில் ஆகியவை அவர்களைப் பிரித்திருந்தன. தக்கணத்திலிருந்தும் வடபுலத்திலிருந்தும் வந்தேறிய குடும்பங்கள் அரசவையைச் சார்ந்து வாழ்ந்தன. மரக்காயரும் லெப்பைமாரும் கடலையும் வணிகத்தையும் மக்தபையும் சார்ந்து வாழ்ந்தனர். செங்கல்பட்டு மாவட்டத்துப் பள்ளிவாசல்களில் இன்றும் உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே அணியில் தோளோடு தோள் நின்று தொழுகின்றனர். தொழுகை அணியில் வாய்த்த அந்த நெருக்கம் இலக்கியத்தில் வாய்க்காமற் போனதே நம் வருத்தம்.

ஆகா காட்டிய வழி

பாரசீகம் பயின்றவர்களுள் இக்குறையை உணர்ந்தவரே இல்லை என்று கூறிவிட முடியாது. வேலூரில் பிறந்த மவ்லானா பாக்கிர் ஆகா (1745-1806) அரபியிலும் பாரசீகத்திலும் புலமை முற்றியவர். நவாப் வாலாஜாவின் காலத்துப் பேரறிஞர். அவர் விரும்பியிருந்தால் அவ்விரு மொழிகளோடு நின்றிருக்கலாம். ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடும் 'ஹஷ்த் பிஹிஷ்த்' முதலிய நூல்களை மக்கள் பேசிய தக்கணி மொழியில் எழுதினார். அரபியும் பாரசீகமும் அறியாத எளியோரும் பெண்களும் பயன்பெற வேண்டும் என்பது அவர் கருத்து. அவருக்குப் பின்வந்த காஜி பத்ருத்தவ்லா (இறப்பு 1863) 'பவாயிதே பத்ரிய்யா' என்னும் சீறா நூலை உருது உரைநடையில் எழுதியதும் இவ்வழியைப் பின்பற்றியே.

ஆகாவும் பத்ருத்தவ்லாவும் சென்ற வழி வளர்ந்தது; உருது இலக்கியமாகத் தொடர்ந்தது. சீறாப்புராணத்தின் வழியும் வளர்ந்தது. ஊர்தோறும் ஓதப்பட்டது, உரை எழுதப்பட்டது, மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது. சேப்பாக்கத்து அவை சென்ற வழிதான் தூர்ந்தது. இத்தனைக்கும் கும்பெனி ஆட்சியில் பாரசீகம் அலுவல் மொழித் தகுதியை 1837 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இழந்துவிட்டிருந்தது. அவை தொடங்கியது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து. பயன் கருதிப் பாரசீகம் கற்போர் குறைந்துகொண்டே வந்த காலத்தில், அன்பு கருதி மட்டும் அதைக் காக்க முனைந்த முயற்சி அது. அம்முயற்சியின் தூய்மையை மதிக்கிறோம். படிப்போரை உருவாக்காமல் எழுதுவோரை மட்டும் கூட்டிய அவை எத்துணைக் காலம் நிற்கும் என்ற வினாவையும் தவிர்க்க முடியவில்லை.

அவை கலைந்தது

1855 அக்டோபரில் நவாப் குலாம் கவுஸ் கான் மறைந்தார். வயது முப்பத்தொன்று. மக்கட்பேறு இல்லை. டல்ஹவுசியின் ஆட்சிக்காலம் அது. நவாப் பட்டம் அத்துடன் ஒழிந்தது என்று கும்பெனி அறிவித்தது. அடுத்த ஆண்டு அயோத்தி அரசு பறிக்கப்பட்டு, கவிஞரான வாஜித் அலி ஷா நாடிழந்தார். 1858 இல் தில்லியின் கவியரசர் பகதூர் ஷா ஸஃபர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். நிலமிழந்து கவிதையில் அரசாண்ட மூன்று அவைகள் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்துக் கலைந்தன. அவற்றுள் முதலில் அணைந்த விளக்கு சென்னையுடையது. ஸஃபரை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கின்றனர், ஆஸத்தை அறியார்.

சேப்பாக்கத்து மாளிகை ஏலத்துக்கு வந்து அரசின் உடைமையாயிற்று. 1867 இல் அஸீம் ஜாவுக்கு 'ஆர்க்காட்டு இளவரசர்' பட்டம் வழங்கப்பட்டது. அம்மரபு இன்றும் தொடர்கிறது. நவாபின் காலத்தில் 1849 இல் தோன்றிய மதரஸா-ஏ-ஆஸம் பள்ளியும், எட்வர்டு பால்ஃபர் முன்னின்று 1850 இல் சென்னையில் தொடங்கிய முகமதியப் பொது நூலகமும் அக்காலக் கல்வி ஆர்வத்தின் எச்சங்கள். கவியவை மட்டும் புரவலரோடு முடிந்தது.

இம்மரபை மறதியிலிருந்து மீட்டவர்களைச் சொல்லாமல் விடலாகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறையை வழிநடத்திய டாக்டர் முகம்மது ஹுசைன் நைனார், நவாபுகளின் பாரசீக வரலாற்று நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 'பஹாரே ஆஸம் ஜாஹி' 1950 இல் அவ்வரிசையில் வெளிவந்தது. அதே நைனார்தாம் தமிழில் சீதக்காதி நொண்டி நாடகத்தையும் பதிப்பித்தார். நவாபின் அவையும் சீதக்காதியின் வாசலும் ஒரே அறிஞரின் மேசையில் சந்தித்தன. அவர் வழியில் அத்துறையில் பணியாற்றிய பேராசிரியர் முகம்மது யூசுஃப் கோக்கன், கர்நாடகத்தின் அரபு, பாரசீக இலக்கிய வரலாற்றை விரிவான நூலாக 1974 இல் தந்தார். தமிழ்ப்புறத்தில் 1973 ஆம் ஆண்டு திருச்சி இஸ்லாமியத் தமிழிலக்கிய மாநாடும், அறிஞர் ம. மு. உவைஸ் போன்றோரின் உழைப்பும் நம் புலவர்களுக்குத் தத்கிராவாக அமைந்தன.

நம் வட்டங்களுக்கு

சேப்பாக்கத்து அவை நமக்கு மூன்று நன்மைகளையும் ஓர் எச்சரிக்கையையும் விட்டுச்சென்றுள்ளது. ஒழுங்காகக் கூடுதல் முதல் நன்மை. சான்றோடு மறுத்தலும் மறுப்பை மனமுவந்து ஏற்றலும் இரண்டாவது. கூடியவர்களின் பெயரையும் ஊரையும் எழுத்தையும் பதிவு செய்தல் மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதே நம்மிடம் மிக அரிது. ஊர்தோறும் முனாஜாத்தும் கும்மியும் மாலையும் பாடியோர் இருந்தனர். மீலாது மேடைகளில் கவிதை படித்தோர் இருந்தனர். அவர்களுள் எத்தனை பேரின் கையேடுகள் இன்று கிடைக்கும்? ஓர் ஊர் இலக்கிய வட்டம் ஆண்டுக்கொரு முறை தன் எழுத்தாளர்களைப் பற்றிச் சிறு நினைவேடு ஒன்றை அச்சிட்டால், நூறாண்டு கழித்து வரும் ஆய்வாளர் அதற்காக இறைவனிடம் கையேந்துவார்.

எச்சரிக்கை யாதெனின், தன்னைச் சூழ்ந்த மக்களின் மொழிக்குச் செவிசாய்க்காத அவை, எத்துணைப் புலமை மிக்கதாயினும், புரவலரின் மூச்சோடு முடிந்துவிடும் என்பதே. உருது வட்டம் தமிழ்க் கவிதையையும் தமிழ் வட்டம் உருதுக் கவிதையையும் ஆண்டில் ஒரு நாளேனும் மொழிபெயர்ப்போடு கேட்குமாயின், 1842 இல் நேராத சந்திப்பு நம் காலத்தில் நேரும்.

2019 இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. பழைய ஜாகீரின் பெயர் புது எல்லையோடு மீண்டும் வழக்கில் வந்திருக்கிறது. கோவளத்துக் கடற்கரையில் சஆதத் பந்தர் என்ற பெயரைச் சொல்வார் இல்லை. ஆயினும் தர்காவின் வாசலில் தமிழிலும் உருதுவிலும் துஆக்கள் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவ்விரு மொழியினரும் அங்கே ஒரே திசை நோக்கிக் கையேந்துகின்றனர். எழுதும்போதும் ஒருவர் எழுத்தை மற்றவர் அறிந்திருத்தல் வேண்டும். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக.